பிழையும் பிழைப்பும்

தமிழில் ‘பிழைத்தல்’ என்னும் சொல் இருபொருள் தாங்கி நிற்பது. தவறு செய்தலும் பிழைத்தலே. உயிர் தப்பி வாழ்தலும் பிழைத்தலே. வாழ்வுக்கென ஒருவர் மேற்கொள்ளும் தொழில் பிழைப்பு எனப்படுகின்றது. அத்தொழிலில் அவர் கை தவறுமிடம் பிழை எனப்படுகின்றது. இவ்விரு பொருள்களும் ஒரு சொல்லில் வந்து கூடியமைக்கான காரணத்தை மொழிநூலார் ஆராய்வர். ஒழுக்கவியல் நோக்கிற் சிந்திப்போருக்கு அச்சொல் வேறொரு வினாவை எழுப்புகின்றது. பிழை செய்வதற்கு மனிதருக்கு உரிமை உண்டா? உண்டெனின், அவ்வுரிமை எல்லோருக்கும் ஒரே அளவினதாகக் கிடைக்கின்றதா?

இவ்வினா முதல் நோக்கில் விபரீதமானதாகத் தோன்றலாம். நன்மை செய்தற்கே உரிமை கோரப்படும். தவறு செய்தற்கு உரிமை கோருவார் யார்? திருக்குறளிற் குற்றங்கடிதல் என ஓர் அதிகாரமும் பொறையுடைமை என ஓர் அதிகாரமும் உள்ளன. முன்னையது தன்பால் உள்ள குற்றத்தை நீக்குதல் பற்றியது. பின்னையது பிறர் செய்த தீங்கைப் பொறுத்தல் பற்றியது. ஆயின் தீய எண்ணமின்றி, அசட்டையுமின்றி, இன்னும் கற்றுத் தேறாமையால் மட்டும் நேரும் தவறொன்று உண்டு. அது தொடக்கநிலையாளரின் பிழை. அதனைக் குற்றம் எனக் கடிதலும் பொருந்தாது. தீங்கு எனப் பொறுத்தலும் முற்றாகப் பொருந்தாது. அதன் இயல்பை ஆராய்வதற்குப் பெருந்தொழில் எதுவும் வேண்டியதில்லை. துண்டுத் துணிகளை இணைத்து எளிய ஒட்டுத்துணிப் போர்வை தைக்கக் கற்றலே போதுமானது.

கேகாலை மாவட்டத்தின் தெஹியோவிட்டப் பகுதி மழை மிகுந்தது. இறப்பரும் தேயிலையும் அங்குள்ள தோட்டங்களின் பயிர்கள். மரப்பட்டை நனைந்திருக்கும் நாளிற் பால்வெட்டு நடைபெறுவதில்லை. அத்தகைய நாளொன்றில், லயத்தின் இஸ்தோப்பில் அமர்ந்து, பதினாறு வயதுப் பெண்ணொருத்தி ஒட்டுத்துணி தைக்கப் பழகுவதாக எண்ணிப் பார்க்கலாம். பக்கத்துக் காம்பராவில் வசிக்கும் மூத்த பெண்ணொருத்தி அவளுக்குக் கற்பிக்கின்றாள். அவள் முன்னர் ஆடைத் தொழிற்சாலையொன்றில் வேலை செய்தவள். துணிகளோ புதியன அல்ல. பழஞ்சேலையின் நைந்து போகாத பகுதி, பள்ளிச் சீருடையின் வெள்ளைத் துணி, நிறுத்து விற்கப்படும் வெட்டுத்துண்டுகள் ஆகியனவே அவர்கள் முன் கிடப்பன.

முதற் பாடம் நான்கு சதுரங்களாலான கட்டம். இரண்டரை அங்குலச் சதுரங்கள் நான்கு, இரண்டு கருநிறத்திலும் இரண்டு வெளிர்நிறத்திலும் வெட்டப்படுகின்றன. கருநிறமும் வெளிர்நிறமும் இணையிணையாக வைக்கப்பட்டு, விளிம்பிலிருந்து கால் அங்குலம் உள்ளே ஓட்டுத்தையலாற் பிணைக்கப்படுகின்றன. பின்னர் ஒவ்வோர் இணையிலும் தையலின் பின்புற மடிப்பு கருநிறத் துணியின் பக்கம் படியுமாறு அழுத்தித் தேய்க்கப்படுகின்றது. இரண்டு இணைகளையும் நிறம் மாறி அமையுமாறு ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும்போது, ஒரு மடிப்பு ஒரு பக்கமும் மற்றையது மறுபக்கமும் சாய்ந்து ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். அவ்வாறு கவ்வினாலன்றி நடுவில் நான்கு மூலைகளும் ஒரு புள்ளியிற் சந்திக்கமாட்டா. கூறுமிடத்து இது எளிது. தைக்குமிடத்து முதல் நாளில் எவருக்கும் அம்மூலைகள் சந்திப்பதில்லை.

“கோணிப் போச்சுக்கா” என்கிறாள் இளையவள்.

“பிரிச்சிடு புள்ள. நூல்தானே போவுது, துணி இருக்குல்ல” என்கிறாள் மூத்தவள்.

இவ்விடை சாதாரணமானது, தையல் கற்பிக்கும் எவரும் கூறக்கூடியது. எனினும் அதனுள் ஒழுக்கவியற் கோட்பாடொன்று பொதிந்துள்ளது. பிழையினால் இழக்கப்படுவது எது, எஞ்சி நிற்பது எது என அது பிரித்தறிகின்றது. இழக்கப்படுவது சிறிது நூலும் சிறிது நேரமும். எஞ்சி நிற்பது துணி. அதனோடு, மீண்டும் தைக்கும் வாய்ப்பு. இழப்பு சிறிதாகவும் எஞ்சுவது பெரிதாகவும் இருக்குமாறு ஏற்பாடு செய்யப்பட்ட இடத்திலேதான் ஒருவர் அச்சமின்றிக் கற்க முடிகின்றது.

இத்தொழிலில் நேரும் பிழைகள் யாவும் ஒரே தன்மையின அல்ல. தையற் பிழை பிரித்துத் திருத்தக்கூடியது. வெட்டுப் பிழை அவ்வாறன்று. கத்தரி கடந்த துணியை மீண்டும் ஒட்டவைக்க முடியாது. மூன்றாவது வகை மறைந்திருந்து பின்னர் வெளிப்படுவது. நூலோட்டத்துக்கு நேராக வெட்டாமல் மூலைவாட்டில் வெட்டிய துண்டு, தைக்கும்போது இழுபட்டு உருக்குலையும். வெட்டுமுன் நனைத்துப் பார்க்காத சிவப்புத் துணி, போர்வை முழுவதும் முடிந்த பின்னர் முதற் சலவையில் அயலிலுள்ள வெள்ளைத் துணியிற் சாயத்தை இறக்கிவிடும். மேலும், சிறுபிழை பெருகும் இயல்பினது. ஒன்பது சதுரக் கட்டமொன்றில் ஒவ்வொரு தையலும் அங்குலத்தில் ஒரு வீசம் மட்டும், அதாவது பதினாறில் ஒரு பங்கு மட்டும், உள்ளே தள்ளி விழுந்ததெனக் கொள்ளலாம். தையல் இருபுறத் துணியையும் உட்கொள்வதால், ஒரு வரிசையிலுள்ள இரண்டு தையல்களிலும் சேர்ந்து கட்டம் கால் அங்குலம் குறுகிவிடும். எட்டுக் கட்டங்கள் கொண்ட வரிசையில் அது இரண்டு அங்குலமாகும். கட்டங்களைத் தம்முள் இணைக்கும் தையலில் நேரும் பிழை இதில் இன்னும் சேர்க்கப்படவில்லை. கண்ணுக்குத் தெரியாத வீசமே கடைசியிற் போர்வையைக் கோணச் செய்கின்றது.

ஆகவே பிழைக்கு இடங்கொடுத்தல் என்பது பிழையைப் பொருட்படுத்தாமை ஆகாது. “பரவாயில்லை, அப்படியே இருக்கட்டும்” என விட்டுவிடும் ஆசிரியை இளையவளுக்கு உதவியவள் அல்லள். அவளுடைய எட்டாவது கட்டத்தைக் கெடுத்தவளே ஆவாள். மெய்யான பரிவு பிரித்துத் தைக்கச் சொல்கின்றது. பிரித்தல் ஒரு தண்டனையும் அன்று. எங்கே இழை தவறிற்று என்பதை விரல் அறிந்துகொள்வது பிரிக்கும்போதுதான். தைக்கும் வேகத்தில் மறைந்திருந்தது பிரிக்கும் நிதானத்திற் புலப்படுகின்றது.

வெட்டுப் பிழை திருத்த முடியாததெனினும் ஒட்டுத்துணிக் கலை அதற்கும் ஓரிடம் வைத்திருக்கின்றது. இரண்டரை அங்குலத்துக்குக் குறைவாக வெட்டுப்பட்ட துண்டு அதற்கும் சிறிய சதுரமாகலாம். கரையை அணிசெய்யும் பட்டியாகலாம். துணியை எறியாமைக்கெனவே பிறந்த கலை அது. மேலைநாட்டுப் போர்வைக் கலை பற்றிக் கதையொன்று கூறப்படுவதுண்டு. முழுநிறைவு இறைவனுக்கே உரியதாதலால், தைப்போர் வேண்டுமென்றே ஒரு பிழையைப் போர்வையில் வைப்பர் என்பது அக்கதை. அக்கலையின் வரலாற்றை ஆராய்ந்தோர் அதனை ஐயுறுவர். தொடக்கநிலையாளர் எவரும் அதனை நம்பார். பிழையை வேண்டுமென்று வைக்கவேண்டிய தேவை அவருக்கு ஏற்படுவதில்லை.

கற்றல் பற்றிய மெய்யியற் கருத்துகளை இவ்விடத்து நினைவுகூர்தல் பொருந்தும். கட்டுவதனாலேயே ஒருவர் கட்டடக் கலைஞராகின்றார். நீதியான செயல்களைச் செய்வதனாலேயே நீதிமானாகின்றார் என்பது அரிஸ்டோட்டிலின் கருத்து. செய்யத் தெரிந்த பின்னர்ச் செய்யத் தொடங்குவது என்பது இயலாது. தெரியாத நிலையிலேயே செய்யத் தொடங்க வேண்டும். கில்பேர்ட் றைல் 1949 ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலில், ஒன்றைப் பற்றி அறிதலும் ஒன்றைச் செய்ய அறிதலும் வேறுவேறென விளக்கினார். கால் அங்குலம் என்பதை அறிதல் முதலாவது வகை. கால் அங்குலத்தில் ஊசியைச் செலுத்துதல் இரண்டாவது வகை. முன்னையதைச் சொல்லிக் கொடுக்கலாம். பின்னையதைப் பிழைத்துப் பிழைத்தே பெறவேண்டும். இதிலிருந்து பெறப்படும் முடிபு யாதெனின், பிழை கற்றலுக்கு இடையூறு அன்று. கற்றல் நடைபெறும் வழியே அது. அங்ஙனமாயின், ஒருவருக்குப் பிழை செய்ய இடமில்லை என்பது, அவருக்குக் கற்க இடமில்லை என்பதற்குச் சமமாகும்.

இம்முடிபை இஸ்தோப்பிலிருந்து மலைக்குக் கொண்டுசெல்லுமிடத்து அதன் கனம் தெரியவரும். இறப்பர் மரத்தில் பாற்குழாய்கள் பட்டையின் உட்புறத்தே, மரத்தின் வளர்படைக்கு மிக அருகில் உள்ளன. கத்தி ஆழம் குறைந்து சென்றால் பால் குறையும். சற்றே மிகுந்து வளர்படையைத் தொட்டுவிட்டால் மரம் காயப்படும். காயம் ஆறிய இடத்திற் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக எழும். பின்னர் அப்பக்கம் மீண்டும் வெட்டுக்கு வரும்போது கத்தி ஒழுங்காக ஓடாது. ஒரு கணத்தில் நேர்ந்த பிழை பல ஆண்டுகள் மரத்தில் நின்று சாட்சி சொல்லும். பட்டையைப் பிரித்துத் தைக்க முடியாது. ஆதலாற்றான் புதிதாகப் பால்வெட்டப் பழகுவோரை, வெட்டி அகற்றப்படவிருக்கும் முதிய மரங்களிற் பழகவிடுவது வழக்கமாயிற்று. மரத்தின் நன்மை கருதிப் பிழைக்கு இடம் ஒதுக்கிய ஏற்பாடு அது.

மரத்தின் பொருட்டு எண்ணிப் பார்க்கப்பட்ட இவ்விடயம் மனிதரின் பொருட்டு அவ்வளவாக எண்ணப்படவில்லை. குறித்த அளவு கொழுந்து சேராத நாளில் முழுப்பேர் விழாது, அரைப்பேரே விழும் என்பது தோட்டங்களில் நெடுங்காலம் அறியப்பட்ட நடைமுறை. கை தேர்ந்தவளுக்கும் நேற்று மலையேறியவளுக்கும் தராசு ஒன்றே. பழகும் காலத்தின் செலவைப் பழகுபவளின் அடுப்பே தாங்க வேண்டியதாகின்றது. அயலூரான அவிசாவளையில், சீதாவக்க ஏற்றுமதி வலயத்தில் ஆடைத் தொழிற்சாலைகள் உள்ளன. ஆடைத் தொழிற்சாலை வரிசையில் மணிக்கு இத்தனை உருப்படி என இலக்கு நிற்கும். பிழைபட்ட உருப்படி திரும்பி வரும். அதைப் பிரித்துத் தைக்கும் நேரம் இலக்கிலிருந்து கழிக்கப்படுவதில்லை. இஸ்தோப்பில் மூத்தவளின் விரல்கள் பிரிக்கும் தையலும் தொழிற்சாலையில் அவள் பிரித்த தையலும் தொழில் நோக்கில் ஒன்றே. அங்கே அது அச்சம். இங்கே அது பாடம். வேறுபாடு கையில் இல்லை. அக்கையைச் சூழ்ந்த ஏற்பாட்டில் உள்ளது.

இதற்கு எதிராக இரண்டு தடைகள் எழுப்பப்படலாம். முதலாவது, பிழையை ஏற்க முடியாத தொழில்கள் உண்டு என்பது. சத்திரசிகிச்சை செய்யும் வைத்தியரையும் மலைப்பாதையிற் பேருந்து செலுத்துபவரையும் பார்த்து, பிழைத்துப் பிழைத்துக் கற்றுக்கொள்க எனக் கூற இயலுமா? இத்தடை வலியது. எனினும் அது மேற்கூறிய முடிபை மறுக்கவில்லை. அதற்கு அரண் செய்கின்றது. பிழை உயிரைக் கொள்ளும் தொழில்களிலேதான் பிழை எவரையும் தாக்காத பயிலிடம் மிகவும் இன்றியமையாதது. முதிய மரம் இளமரத்தைக் காப்பது போல, பயிலிடம் பின்னர் அத்தொழிலிடம் தம்மை ஒப்படைப்போரைக் காக்கின்றது. பிழையற்ற நாளைக்காக இன்று பிழைக்க இடங்கொடுத்தல் சமூகத்தின் கடன்.

இரண்டாவது தடை இன்னும் கூரியது. ஒட்டுத்துணி வறுமையின் அடையாளம். வேறு துணி இல்லாதவர் ஒட்டுப்போட்டுக் கட்டியதைக் கலை எனப் புகழ்தல், வயிறு நிறைந்தவர் பட்டினியை நோன்பு எனப் புகழ்வதை ஒக்கும் என்பது அது. இத்தடையில் உண்மை உண்டு. படங்குச் சாக்கை இடையிற் சுற்றிக் கொழுந்தெடுக்கும் பெண் அழகுணர்வினால் அதனைச் சுற்றுவதில்லை. ஆயினும் துண்டுகளை இணைத்தல் என்பதே இழிவு எனக் கொள்ளுதல் பொருந்தாது. சப்பிரகமுவவின் விகாரைகள்தோறும் காணப்படும் பிக்குகளின் சீவர ஆடை துண்டுகளை இணைத்துத் தைத்ததே. மகத நாட்டின் வரப்புகள் பிரித்த வயல்களைக் காட்டி, அவ்வமைப்பிற் சீவரத்தை ஆக்குமாறு புத்தர் ஆனந்தருக்குக் கூறினார் என விநயபிடகம் தெரிவிக்கின்றது. அரச குலத்திற் பிறந்தவர் விரும்பித் தேர்ந்த துண்டுத்துணி துறவின் அடையாளமாயிற்று. தோட்டத்துப் பெண்ணுக்கு விதிக்கப்பட்ட துண்டுத்துணி வறுமையின் அடையாளமாயிற்று. துணி ஒன்றே, தேர்வே வேறு.

விதிக்கப்பட்டதைத் தேர்வாக மாற்றியோரும் உளர். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்னும் ஆற்றோரச் சிற்றூர் உண்டு. பருத்தித் தோட்டமொன்றில் அடிமைகளாயிருந்தோரின் வழிவந்தவர்களே அவ்வூரார். அங்குள்ள பெண்கள் நைந்த வேலையுடைகளைக் கிழித்துக் குளிருக்குப் போர்வை தைத்தனர். 1966 ஆம் ஆண்டில் அப்பகுதிப் பெண்கள் போர்வை தைப்போர் கூட்டுறவொன்றை அமைத்தனர். 2002 ஆம் ஆண்டில் அவ்வூர்ப் போர்வைகள் ஹூஸ்டனிலும் பின்னர் நியூயோர்க்கின் விட்னி அருங்கலையகத்திலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவற்றிற் கோடுகள் பலவும் நேராக இல்லை. சதுரங்கள் பலவும் சதுரமாக இல்லை. அவை பிழைகள் அல்ல. தைத்தவர் தம் கண்ணுக்கு உகந்தவாறு மேற்கொண்ட முடிவுகள். அளவு பிழைத்தலுக்கும் அளவை மீறுதலுக்கும் இடையே உள்ள வேறுபாடு இதுவே: அளவை அறிந்த கைக்கே அதனை மீறும் சுதந்திரம் உண்டு. அச்சுதந்திரத்தை அடைவதற்கு முன்னர் அக்கை எத்தனையோ முறை பிழைத்திருத்தல் வேண்டும்.

பிழைக்கு உரிமை உண்டெனின் எல்லாத் தீங்கும் ‘பிழை’ என்னும் பெயரில் மன்னிப்புக் கோரலாமன்றோ என்னும் வினா இங்கே எழும். மலையகத் தமிழரின் வரலாறு இவ்வினாவைத் தவிர்க்க விடாது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தந்தை வழி முன்னோரின் பிறப்பைச் சான்றுடன் நிறுவுமாறு கேட்டது. பிறப்புப் பதிவுகள் அரிதாயிருந்த லயங்களில் அச்சான்று எவரிடம் இருந்தது? பெருந்தொகையினர் நாடற்றவராயினர். 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை அம்மக்களை இரு நாடுகளுக்கும் எண்ணிக்கையாற் பங்கிட்டது, குடும்பங்கள் பிரிந்தன. எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 ஆம் ஆண்டிலேதான் வந்தது. இடையிற் கழிந்தவை ஐம்பத்தைந்து ஆண்டுகள். புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாடு ஆளக் கற்றுக்கொண்டிருந்தது. அதனால் நேர்ந்த பிழை அது எனச் சிலர் கூறக்கூடும்.

அவ்வாதம் தொடக்கநிலையாளரின் பிழைக்குரிய இலக்கணத்தோடு பொருந்துவதன்று. இளையவள் பிழைக்கும்போது அவள் முன் கிடப்பது அவளுடைய துணி. பிரிக்கும் உழைப்பும் அவளுடையதே. பிழை வேறொருவர் வாழ்வில் விழவில்லை. விழுந்த பிழையை அவள் மறைக்கவுமில்லை. இவற்றால் இரண்டு நிபந்தனைகள் பெறப்படுகின்றன. பிழையின் விலையைப் பிழைத்தவர் தாமே கொடுத்தல் வேண்டும். பிழையைக் கண்டவுடன் பிரிப்பதற்கு அவர் ஆயத்தமாயிருத்தல் வேண்டும். 1948 இற் சட்டம் இயற்றியோர் அதன் விலையைக் கொடுக்கவில்லை. கொடுத்தவர்கள் லயங்களில் இருந்தனர். விளைவு அறியப்படாததும் அன்று. அக்காலத்திலேயே எதிர்ப்புக் குரல் எழுந்தது. ஆகவே அதனைப் பிழை என்றல் அச்சொல்லுக்கே இழுக்காகும். ஹன்னா ஆரெண்ட் 1958 ஆம் ஆண்டில் எழுதிய நூலில், செய்த செயலை மீட்க முடியாமையே மனிதச் செயலின் துன்பம் எனவும் மன்னித்தலே அதற்குள்ள மாற்று எனவும் விளக்கினார். ஆயின் தையற்காரியின் அனுபவம் அதனோடு ஒன்றைச் சேர்க்கின்றது. பிரித்த பின்னரும் ஊசித்துளைகள் துணியில் நிற்கும். சில துளைகள் சலவையில் மறையும், சில மறையா. 2003 ஆம் ஆண்டின் சட்டம் தையலைப் பிரித்தது, துளைகளை மூடவில்லை. கடல் கடந்து பிரிந்த குடும்பங்கள் அதனாற் கூடிவிடவில்லை.

எனவே தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இவ்வாறு விடை கூறலாம். பிழைக்கும் உரிமை உண்டு. அது கற்கும் உரிமையின் மறுபெயர். ஆனால் பிறர் வாழ்வின் மேற் பிழைக்கும் உரிமை எவருக்கும் இல்லை. நடைமுறையில் இவ்விதி பெரும்பாலும் தலைகீழாகவே நிலவுகின்றது. அதிகாரம் உடையோரின் பிழைகள் ‘அனுபவம்’ எனப் பெயர் பெறுகின்றன. அதிகாரம் இல்லாதோரின் பிழைகள் அரைப்பேராகப் பதிவாகின்றன. ஒரு சமூகம் நீதியானதா என அறிய விரும்புவோர், அங்கே யார் யார் பிழைத்தும் பிழைக்க முடிகின்றது எனக் கேட்டறிதல் தகும்.

பல்கலைக்கழகமும் பிழைப்பதற்கென ஒதுக்கப்பட்ட ஓரிடமே. தவறான விடையை எழுதித் திருத்தப்பெறுதலும், ஆராய்ச்சி வழி தவறிப் புறப்பட்ட இடத்துக்கே மீளுதலும் அங்கே இயல்பாகக் கொள்ளப்படுகின்றன. அதன் செலவின் ஒரு பங்கை இறப்பர் மலையும் தேயிலை மலையும் நெடுங்காலமாகத் தாங்கி வந்துள்ளன. அவ்விடத்துக்குள் வந்து சேர்ந்தோர், வெளியே அத்தகைய இடம் கிடையாதோரின் பிழையை எவ்வாறு மதிப்பிடுகின்றனர் என்பதே அவர்கள் கற்றதன் சோதனையாகும். தோட்டப் பாடசாலையில் ஒருமுறை தவறிய மாணவனுக்கு மறுமுறை உண்டா? மலைக்குப் புதியவளின் முதல் மாதத்தைத் தராசு பொறுக்கின்றதா? இவை ஏட்டுக்கு அப்பாற்பட்ட வினாக்கள் அல்ல.

தெஹியோவிட்டவில் மழை விடுமுன் இளையவள் அக்கட்டத்தை இரண்டு முறை பிரித்துவிட்டாள். மூன்றாம் முறை நான்கு மூலைகளும் ஏறத்தாழச் சந்திக்கின்றன. ஒரு வீசம் மட்டும் விலகி நிற்கின்றது. மூத்தவள் அதனைத் திருப்பிப் பார்த்து, “இது போதும் புள்ள, அடுத்தத வெட்டு” என்கிறாள். எப்போது பிரிக்க வேண்டும் என்பதோடு, எப்போது மேலே செல்லலாம் என்பதும் அன்றைய பாடமாகின்றது.